சாக்குக் கழிக்காத எடை

மாத்தளை,
வெள்ளிக்கிழமை, அஸர் தொழுகைக்குப் பிறகு.

என் அன்பு மகள் பஹ்மிதாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்க நானும் வாப்பாவும் தங்கச்சி நிஷ்மியாவும் அல்லாஹ்ட கிருபையால சுகமா இருக்கோம், வீட்டு முத்தத்துல காயப்போட்ட மிளகுதான் நாலு நாளா மழைக்குப் பயந்து உள்ளுக்கும் வெளியவும் போய் வருது. நீயும் அந்தக் குளிர் நாட்டுல உடம்பும் மனசும் தேறி இருக்கணும்னு ஒவ்வொரு தொழுகையிலயும் கேட்டுக்கிட்டே இருக்கேன். உன்ட ஈமெயில் வந்து இன்னைக்குப் பதினெட்டு நாள். உம்மா பதிலே போடலையேன்னு நினைச்சிருப்ப. வட்ஸ்அப்ல சாப்பிட்டியா தூங்குனியான்னு கேக்குறதெல்லாம் பதில் இல்லன்னு எனக்கும் தெரியும். நாலு தரம் எழுதினேன், நாலையும் கிழிச்சேன், எப்பிடித் தொடங்கினாலும் கடைசி வரி வந்திடு மகள்னு முடிஞ்சிச்சு, அதை அனுப்பக் கை வரல்ல. போன்ல பேசவும் பயம், நான் அழுதா நீ அழுவ, நீ அழுதா நான் போனை வெச்சிடுவேன். இப்ப என்ன சொல்லணும்னு எனக்குத் தெளிவா இருக்கு, அதுதான் பேனாவை எடுத்தேன். கந்தோர்ல என்னோட வேலை செய்ற டொறீன் அக்காட மகள் நிஷாந்தினி வர்ற செவ்வாய்க்கிழமை வியன்னாவுக்கு நர்ஸ் வேலைக்குப் போறா, அங்க இருந்து உன்ட ஊருக்கு பஸ்ல ரெண்டு மணித்தியாலம்தானாம், சனிக்கிழமை கொண்டு வந்து உன்ட கையிலயே தாறேன்னு சொல்லியிருக்கா. அப்ப அதுக்கடுத்த புதன்கிழமைக்கு முந்தி இது உனக்குக் கிடைச்சிடும். அந்தப் புதன்கிழமையை மனசுல வெச்சிக்கிட்டுத்தான் இவ்வளவும் எழுதுறேன்.

முதல்ல ஊர்ப் புதினம் சொல்லிடுறேன், இல்லாட்டி நீ ஒவ்வொரு வரியையும் பயந்து பயந்து படிப்ப. பஸ்லா மாமி போன ஞாயிற்றுக்கிழமை அவங்கட நானாவை, உன்ட வாப்பாவைப் பார்க்க வந்திருந்தாங்க. வந்து உக்காந்த உடனே பிளேன் பறந்திட்டான்னு கேட்டாங்க, இன்னும் இல்லன்னு சொன்னேன். அதுக்கு மாமி, என்ன மதினி, நாலு வருஷம் கெம்பஸ் படிச்சா, ரெண்டு வருஷம் வெளிநாட்டுல படிச்சா, கடைசியில அவ செய்றது எங்கட நானா மிளகுக் கடையில செய்ற வேலைதானே, நிறுக்கிறது, அதை இங்க கடையிலயே செஞ்சிருக்கலாமேன்னாங்க. உங்கட நானா நிறுக்கிறது குழம்புக்குப் போகுது, என்ட மகள் நிறுக்கிறது ஆகாசத்துக்குப் போகுது, ரெண்டுலயும் பிழை விட்டா எழுதினவங்களுக்குத் தெரியாது, ஒன்னுல தின்றவங்களுக்கும் மத்ததுல ஏறினவங்களுக்கும்தான் தெரியும்னு சொன்னேன். மாமி சிரிச்சிட்டு தட்டுல இருந்து இன்னொரு ரோல்ஸ் எடுத்துக்கிட்டாங்க. பல்லேபொல கந்தோர்லயும் இப்ப எனக்கு விமானக்காரின்னுதான் பேர். காலையில பஸ்ஸை விட்டு இறங்கி உள்ள போனா காவலாளி முதக்கொண்டு கேக்குறாங்க. டொறீன் அக்கா ஒரு நாள் தேத்தண்ணி குடிக்கிற நேரம், அதென்ன றுஸைனா ரெண்டு எஞ்சின், ஒன்னு பத்தாதான்னு கேட்டாங்க. ஒன்னு நின்னுட்டா மத்தது ஆக்களை வீட்டுக்குக் கொண்டு வந்து சேர்க்கணும், அதுக்குத்தான்னேன். அப்ப கல்யாணம் மாதிரின்னு சொல்லு, எங்க வீட்டுல ஒரு எஞ்சின் நின்னு பத்து வருஷமாச்சு, நான் ஒருத்தி ஓட்டிக்கிட்டு இருக்கேன்னாங்க. கந்தோரே சிரிச்சிச்சு. நான் அவங்களுக்கெல்லாம் கடதாசியில படம் கீறிக் காட்டுவேன் மகள், நீ எனக்குக் கீறிக் காட்டினது போலவே.

நீ அங்க வேலைக்குச் சேர்ந்த அன்னைக்கு உங்கட விமானம் வெறும் வெள்ளைத் தாள்னு சொன்னது எனக்கு நல்ல ஞாபகம். ஒன்பது பேர் போகணும், தேவைப்பட்டா ஆசனத்தைக் கழட்டிட்டு நோயாளியைக் கட்டிலோட ஏத்தணும், தார் போடாத கிரவல் தரையில எழும்பி இறங்கணும், சின்னச் சின்னத் தீவுக்கும் மலை ஊருக்கும் போகணும், இவ்வளவுதான் அந்தத் தாள்ல இருந்திச்சு. இறக்கை ஏன் தலைக்கு மேல இருக்குன்னா கல்லு தெறிச்சு காத்தாடியில படக் கூடாது, சக்கரம் ஏன் உள்ளுக்கு மடங்காதுன்னா மடக்குற சாமான் எடை, பழுதானா அந்த ஊர்ல திருத்தவும் ஆள் இல்ல. இதெல்லாம் நீ சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடம். முதல்ல பெற்றோல் எஞ்சின் போடத்தான் வரைஞ்சிருந்தீங்க, ஒரு வருஷம் வரைஞ்சு முடிய, அந்த வகைப் பெற்றோல் சின்ன ஊர்கள்ல கிடைக்கிறதே இல்ல, மண்ணெண்ணெய் போல உள்ள ஜெட் எண்ணெய்தான் எங்கயும் கிடைக்கும்னு டர்போபுரொப்புக்கு மாத்தினாங்க. உள்ளுக்கு ஜெட் விமானத்துல உள்ள மாதிரி டர்பைன், முன்னுக்குக் காத்தாடி. அந்த எஞ்சின் பழையதை விட இலேசுன்னு எல்லாரும் கைதட்ட, நீ ஒருத்திதான் தலையில கை வெச்சியாம். முன்னுக்கு இருந்த பாரம் குறைஞ்சா விமானத்துட சமநிலை பின்னுக்குப் போயிடுமே, அதால எஞ்சினை இன்னும் முன்னுக்கு நீட்டி வைக்கணும், நீட்டினா அதைத் தாங்குற சட்டம் பெருக்கணும், சட்டம் பெருத்தா எடை கூடும், திரும்ப முதல்ல இருந்து. எடைக் கணக்கு உன்ட பொறுப்பு, ஆறு மாசம் நீ மேசை மேசையாப் போய் இருநூறு கிராம் குறைச்சுத் தாங்க, அரைக் கிலோ குறைச்சுத் தாங்கன்னு கேட்டுத் திரிஞ்ச, உன்னைக் கண்டா கென்டீன்ல ஆக்கள் எழும்பி வேற மேசைக்குப் போவாங்கன்னு சொல்லிச் சிரிச்ச. வயர் கட்டுற ஆள் ஒருத்தர் உனக்குப் பயந்து கறுப்பு டேப்பைக் கூட நிறுத்துத்தான் சுத்துவாராம். நான் அதை வாப்பாட்ட சொன்னேன், அன்னைக்குக் கடைக்கு வந்த ஆக்கள்ல பாதிப் பேருக்கு அந்த டேப் கதை தெரியும்.

இப்ப அந்த விஷயத்துக்கு வாறேன். நீ ஈமெயில்ல எழுதினதை நான் விளங்கிக்கிட்டது சரியான்னு பார்க்கத்தான் என்ட வாயாலயே சொல்றேன். முதல் விமானத்தைக் கட்டி முடிச்சு, மூணு சக்கரத்துக்குக் கீழயும் மூணு தராசு வெச்சு நிறுத்தீங்க. விமானம் மட்டமா நிக்கணும்னு மூக்குச் சக்கரத்துக்குக் கீழ, தராசுக்கு மேல, ஒரு இரும்புக் கட்டை வெச்சாங்க. மெக்கானிக் தராசைப் பார்த்துக் குரல் குடுத்தார், நீ எழுதின. மூக்குல முந்நூத்திப் பதினாலு கிலோ. தாள்ல கட்டைட எடையைக் கழிக்க, கழிவுன்னு ஒரு கட்டம் இருந்திச்சு, அவர் கழிச்சிட்டுத்தான் சொல்றார்னு நினைச்சு நீ அதுல ஒரு கோட்டைப் போட்ட. எழுதுறவதான் கழிப்பான்னு அவர் நினைச்சார். கட்டை இருபத்தி நாலு கிலோ. நீ முன்கூட்டியே கணக்குப் போட்டு மூக்குக்கு இருநூத்தி எண்பத்தாறு வரும்னு எழுதி வெச்சிருந்த, தராசு அவ்வளவு கூடக் காட்டவும் எல்லாரும் தராசை நம்பினாங்க, நீயும் ரெண்டு வருஷத்து உன்ட கணக்கை விட்டுட்டுத் தராசை நம்பின. மூக்கு பாரம்னு சொல்லி வாலுக்குள்ள பதினேழு கிலோ ஈயம் வெச்சுக் கட்டினாங்க. நீ கையெழுத்து வெச்ச. முதல் பறப்புக்கு நாள் குறிச்சு, காசு போட்ட ஆக்கள் வேற வேற நாட்டுல இருந்து வந்து ஹோட்டல்ல இறங்கிட்டாங்க.

பறக்க நாலு நாள் இருக்கு, சனிக்கிழமை, நீ போன்ல எடுத்த அந்த கோல் எனக்கு எப்பவும் மறக்காது. நான் கடைக்கு வாப்பாக்குச் சாப்பாடு கொண்டு போயிருந்தேன். நீ பறப்புக்கு என்ன உடுப்பு போடுறதுன்னு கேட்டுக்கிட்டு இருந்த, பின்னால நாவுல ஊர்ல இருந்து வந்த மிளகு இறங்கிக்கிட்டு இருந்திச்சு, கடையில எடை போடுற றஹீம் நானா தராசுல நின்னு நாப்பத்தேழு அரை, நாப்பத்தேழு அரைன்னு கத்தினார், கொண்டு வந்த ஆள் தராசுல நாப்பத்தெட்டரை காட்டுதே நானான்னு கேக்க, சாக்குக் கழிச்சுத்தான் குரல் குடுக்குறேன், என்னத்துக்குக் கணக்குப் பாக்குறீங்கன்னு அவர் சொன்னார். நீ உடுப்புக் கதையைப் பாதியில விட்ட. பிறகு உம்மா வைக்கிறேன்னு வெச்சிட்ட. எனக்கு ஒன்னும் விளங்கல்ல, யாரோ வேலைக்குக் கூப்பிட்டாங்கன்னு நினைச்சேன். நீ அந்த நிமிஷமே கொட்டகைக்கு ஓடிப் போய் அந்தக் கட்டையைத் தேடி எடுத்து நிறுத்துப் பார்த்திருக்க, தலைமை டிசைனர்ட வீட்டுக்கே போய்க் கதவைத் தட்டிச் சொல்லியிருக்க. அன்னைக்குப் பின்னேரமே வால்ல இருந்த ஈயத்தைக் கழட்டி, கட்டையைக் கழிச்சு மூக்கைத் திரும்ப நிறுத்தா இருநூத்தித் தொண்ணூறு. பறப்பை நிப்பாட்டினாங்க, வந்தவங்க திரும்பிப் போனாங்க. அடுத்த நாள் நீ அழுதுக்கிட்டே கோல் எடுத்து, உம்மா நான் வந்திடவான்னு கேட்ட. நான் ஒரு நொடி கூட யோசிக்காம வந்திடு மகள்னு சொல்லிட்டேன்.

அதைத்தான் முதல்ல திருத்தணும். அது உன்னை நினைச்சுச் சொன்னது இல்ல மகள், என்ட பயத்தை நினைச்சுச் சொன்னது. நீ போன நாள்ல இருந்து நான் பயந்துக்கிட்டுத்தான் இருக்கேன், உனக்குக் காய்ச்சல் வந்தா பயம், பனி பெஞ்சா பயம், செய்தியில எங்கயோ ஒரு விமானம் விழுந்தா சோறு இறங்காது. பிள்ளை திரும்பி வாறேன்னு அதுவாவே கேக்கும்போது எனக்குள்ள ஒரு நிம்மதி வந்திச்சு பாரு, அதை நினைச்சா இப்ப வெக்கமா இருக்கு. நீ அங்க உடைஞ்சு நிக்கிற, உம்மா இங்க நிம்மதியாகுறேன். பிறகுதான் உன்ட ஈமெயில் வந்திச்சு. தலைமை டிசைனர் உன்னைக் கூப்பிட்டு, எல்லாத் தாளையும் திரும்பப் பார்த்து முடிய மறுபடி முழுசா நிறுக்கப் போறோம், அன்னைக்கும் நீயே எழுதிக் கையெழுத்து வைக்கணும்னு சொன்னதாகவும், என்ட கையெழுத்துக்கு இனிப் பெறுமதி இல்ல, வேற ஆளைப் போடுங்க, மாசக் கடைசியில நான் போறேன்னு நீ சொன்னதாகவும், அவர் அதை ஏத்துக்காம நிறுக்கப் போற அந்தப் புதன்கிழமை காலையில சொல்லுன்னு விட்டிருக்கிறதாகவும் எழுதியிருந்த. உம்மாவும் வரச் சொல்லிட்டாங்கதானேன்னு ஒரு வரி கடைசியில. அந்த வரிக்குத்தான் எனக்குப் பதினெட்டு நாள் போச்சு.

ஈமெயிலோட நீ அனுப்பின அந்த எடைத் தாளை நிஷ்மியா பிரின்ட் எடுத்துத் தந்தா. நான் அதைச் சாப்பாட்டு மேசையில விரிச்சு வெச்சு நானே கணக்குப் போட்டேன். சிரிக்காத, உன்னைத் தொட்டில்ல போட்டுக் காலால ஆட்டிக்கிட்டே பௌதிகவியல் படிச்சுப் பட்டம் எடுத்தவ நான், கந்தோர்ல போய் உக்காந்து மானியப் படிவம் நிரப்பினதுல கொஞ்சம் துருப்பிடிச்சிருக்கேனே தவிர மறக்கல்ல. பதினேழு கிலோ ஈயம், ஆறு மீட்டர் பின்னுக்கு, பெருக்கினா நூத்தி ரெண்டு, விமானத்துட மொத்த எடையால பிரிச்சா மூணரை சென்டிமீட்டர். சமநிலை மூணரை சென்டிமீட்டர் பின்னுக்குப் போயிருக்கு, முதல் பறப்புக்கு நீங்க விட்டிருந்த இடமே பின்பக்கம் மூணுதான். அரை சென்டிமீட்டர் மகள், என்ட நகத்துட அகலம் கூட இல்ல. வால் பாரமான விமானம் மூக்கைத் தூக்கிக்கிட்டே போகப் பார்க்கும், கேக்காதுன்னு நீ சொல்லித் தந்திருக்க. நான் அந்த ரெண்டு விமானிகளை நினைச்சேன், அவங்கட உம்மாமாரை நினைச்சேன். பிறகு தாளைத் திரும்பப் பார்த்தேன், அப்பதான் நீ பார்க்காத ஒன்னு எனக்குத் தெரிஞ்சிச்சு. நீ முன்கூட்டிப் போட்ட கணக்கு இருநூத்தி எண்பத்தாறு, கட்டை இல்லாம நிறுத்தது இருநூத்தித் தொண்ணூறு. ரெண்டு வருஷமா ஒவ்வொரு ஆணியையும் வயரையும் கூட்டிக் கூட்டி நீ சொன்னது நாலு கிலோதான் வித்தியாசம், கிட்டத்தட்ட மூவாயிரம் கிலோ சாமான்ல. இருபத்தி நாலு கிலோ பிழையை நீ நூறு தரம் எழுதியிருக்க ஈமெயில்ல, இந்த நாலு கிலோவை ஒரு தரம் கூட எழுதல்ல. எனக்கு மேசையிலயே கண் கலங்கிட்டு. பெருமையில வந்த கண்ணீர்னு இந்த வயசுல ஒத்துக்குறதுல ஒன்னும் இல்ல.

வாப்பாட்ட நான் உடனே சொல்லல்ல, பயந்தேன். ஒரு நாள் லுஹர் தொழுகைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிட்ட பிறகு தாளைக் காட்டிச் சொன்னேன். அவர் கழிவுக் கட்டத்துல நீ போட்ட கோட்டுல விரலை வெச்சார். பிறகு, இது அவட பிழை இல்ல, இது எங்கட கடைப் பழக்கம்னார். ஆறாம் வகுப்புல இருந்து சனிக்கிழமை சனிக்கிழமை நீ அந்த மர மேசையில உக்காந்து எழுதின, தராசுல நிக்கிறவர் கழிப்பார், எழுதுறவ எழுதுவா, ஒரு நாள் நீ கழிச்சீங்களான்னு கேட்டதுக்கு றஹீம் நானா என்ட மேல நம்பிக்கை இல்லையா மகள்னு மனம் நொந்து, வாப்பா உன்னை ஏசினாராம், பெரியவங்க குரல் குடுத்தா எழுதணும், கேக்கக் கூடாதுன்னு. உனக்கு ஞாபகம் இருக்கோ தெரியாது, வாப்பாக்கு இருக்கு. கேக்காதன்னு நான் பழக்கினதை அவ அங்க கொண்டு போயிருக்கான்னு சொல்லிட்டுக் கை கழுவினவர், திரும்பவும் போய்க் கை கழுவினார். அன்னைக்குப் பின்னேரம் கடைக்குப் போய் முப்பது வருஷத்துப் பழக்கத்தை மாத்திட்டார் மகள். இனி தராசுல என்ன காட்டுதோ அதை அப்பிடியே குரல் குடுக்கணும், எழுதுறவர் அதைத் திருப்பிச் சொல்லணும், பிறகு சாக்கு எவ்வளவுன்னு கேக்கணும், அதையும் எழுதிப் பிறகுதான் கழிக்கணும். றஹீம் நானா ரெண்டு நாள் முகத்தைத் தூக்கிக்கிட்டுத் திரிஞ்சார், முப்பது வருஷம் சரியா இருந்த என்ட மண்டை இப்பதான் பிழைச்சிட்டான்னு கேட்டார். வாப்பா, உங்கட மண்டை சரி, அதுக்குள்ள இருக்கிறது மத்தவங்களுக்குத் தெரியாதே, அதுதான் பிழைன்னார். பல்லேபொல ஆக்கள் கராம்பு கொண்டு வந்தா இப்ப வேணும்னே கேலிக்கு, தராசே தராசே நீ என்ன சொல்றன்னு கூடச் சேர்ந்து கத்துறாங்க. ஒரு நாள் நான் போன நேரம் றஹீம் நானா நாப்பத்தெட்டரை, சாக்கு ஒன்னுன்னு கத்திட்டு என்னைப் பார்த்து, எங்க மகள்ட பிளேனுக்காகத்தான் கத்துறேன் தங்கச்சி, உங்கட புருஷனுக்காக இல்லன்னார்.

இதைத்தான் நான் உனக்குச் சொல்ல வந்தது. உன்ட கையெழுத்துக்குப் பெறுமதி இல்லன்னு நீ சொல்ற. பிழைன்னு தெரிஞ்ச பிறகு அந்தக் கையெழுத்தை நீயே போய் அழிச்ச, ஹோட்டல் நிறைய ஆக்கள் காத்திருக்க, பேசாம இருந்தா ஒருத்தருக்கும் தெரியாதுங்குற இடத்துல. அரை சென்டிமீட்டர்தானே, பறந்தாலும் பறந்திருக்கும்னு நீ ஒரு நிமிஷம் நினைச்சதாகவும் எழுதியிருந்த. நினைச்ச பிறகும் போய்ச் சொன்னியே. வேற ஆள் வந்து அந்தப் புதன்கிழமை எழுதினா அவருக்கு அந்தக் கட்டை வெறும் கட்டை. உனக்கு மட்டும்தான் அது என்னன்னு தெரியும், இனி உன்ட வாழ்க்கையில ஒரு தராசுக்கு முன்னாலயும் நீ கேக்காம எழுத மாட்ட. உங்கட தலைமை டிசைனர் அதை விளங்கித்தான் உன்னைக் கேக்குறார்னு நான் நினைக்கிறேன், பாவம் பார்த்து இல்ல. அதால உம்மா சொன்னதை உம்மாவே வாபஸ் வாங்குறேன். இப்ப வராத. நின்னு நிறுத்து முடிச்சு, கையெழுத்து வெச்சு, அது எழும்பி இறங்குறதைப் பார்த்த பிறகு லீவு எடுத்து வா, வந்து ஒரு மாசம் தூங்கு. அதுக்குப் பிறகும் அங்க இருக்க மனசில்லாட்டி நான் ஒன்னும் கேக்க மாட்டேன். ஒரு வேலையை முடிச்சிட்டு விடுறது வேற, ஒரு கோட்டுக்குப் பயந்து ஓடி வாறது வேற, ரெண்டாவதா வந்தா நீ இங்க எந்த அறையில இருந்தாலும் அந்தக் கட்டை உன்னோட வந்து இருக்கும்.

உம்மா பயம் தெளிஞ்சு தைரியசாலியாயிட்டான்னு மட்டும் நினைக்காத. புதன்கிழமைக்கு நாளை விரல் விட்டு எண்ணிக்கிட்டுத்தான் இருக்கேன். அன்னைக்கு நான் நோன்பு வைக்கப் போறேன், வாப்பாவும் வைக்கிறாராம், கடையில சொல்லாம. நாவுலயில இருந்து உனக்கொரு கல்யாணப் பேச்சு வந்திருக்கு, நல்ல குடும்பம், பையன் விவசாயத் திணைக்களத்துல வேலை, அவங்க பிள்ளை எப்ப திரும்பி வரும்னு கேட்டாங்க. அவட விமானம் முதல்ல எழும்பட்டும், பிறகு பேசுவோம்னு சொல்லிட்டேன். பையன்ட உம்மா ஒரு மாதிரியா என்னைப் பார்த்தாங்க, ஆனா பையன் பறக்கிற அன்னைக்கு வீடியோ கிடைக்குமான்னு கேட்டானாம், அதுல எனக்கு அவனைக் கொஞ்சம் பிடிச்சிருக்கு. அது உன்ட இஷ்டம், அவசரமே இல்ல. அங்க குளிர்ல வெறும் காலோட தரையில நடக்காத, நிஷாந்தினிட்ட ரெண்டு சோடி கம்பளிக் காலுறை குடுத்து விடுறேன். பாணும் சீஸும் மட்டும் சாப்பிட்டுக்கிட்டு இருக்காத, ஞாயிற்றுக்கிழமையாவது ஒரு சோறு கறி ஆக்கு. அந்தப் பிள்ளையும் புது ஊருக்குத்தான் வருது, பயந்து போயிருக்கும், சனிக்கிழமை அவளுக்கு நீ சமைச்சுக் குடு, கிறிஸ்மஸுக்கு அவங்க வீட்டுல இருந்து நமக்கு வந்த கேக் எவ்வளவு. நிறுக்கிற அன்னைக்குக் காலையில ஏதாவது சாப்பிட்டுட்டுப் போ, பசியோட எண் எழுதாத. குரல் குடுக்கிறவர் சொன்னதைச் சத்தமாத் திருப்பிச் சொல்லு, அந்த ஆக்கள் சிரிச்சா சிரிக்கட்டும், எங்கட கடையிலயும் சிரிக்கிறாங்க.

கடைசியா ஒன்னு. காலுறைக்குள்ள சுத்தி ஒரு மிளகுப் பை இருக்கும், நம்ம வீட்டு முத்தத்துல காஞ்ச மிளகு, மழைக்கு ஓடினது. வாப்பா தன்ட கையாலயே நிறுத்துக் கட்டினார், என்னைக் கூட விடல்ல. பைக்கு மேல ஒரு துண்டு ஒட்டியிருக்கார், அதைக் கிழிச்சிடாத. தராசில் ஒரு கிலோ பதினாலு கிராம், பை பதினாலு கிராம், மிளகு ஒரு கிலோன்னு மூணு வரி எழுதி, கீழ மர்சூக்னு கையெழுத்து வெச்சிருக்கார். கல்யாணம் முடிச்ச நாள்ல இருந்து பார்க்கிறேன், அவர் ஒரு எடைக்குக் கையெழுத்து வெச்சதை நான் கண்டதே இல்ல, என்ட வாய்தான் என்ட கையெழுத்துன்னு சொல்ற மனுஷன். அவர்ட பேருக்குக் கீழ இன்னொரு கோடு கீறி வெறுமையா விட்டிருக்கார். அது எதுக்குன்னு கேட்டேன். மகள் அங்க அவட தராசுல வெச்சுப் பார்க்கட்டும், சரியா இருந்தா கையெழுத்து வைக்கட்டும், பிழையா இருந்தா எனக்குச் சொல்லட்டும்னார். புதன்கிழமை போக முந்தி அதை நிறுத்துப் பாரு மகள், கையெழுத்தைப் படம் எடுத்து வாப்பாக்கு அனுப்பு, அவர் கேக்க மாட்டார், ஆனா போனைக் கையிலயே வெச்சிக்கிட்டு இருப்பார்.

அல்லாஹ் உன்ட கைக்குப் பரக்கத்தையும் மனசுக்கு உறுதியையும் தரட்டும், நீங்க செஞ்சதுல ஏறுற ஒவ்வொருத்தரையும் அவங்கவங்க வீட்டுல கொண்டு வந்து சேர்க்கட்டும், உன்னையும் ஒரு நாள் எங்க வீட்டுல. தங்கச்சி ஸலாம் சொன்னா, றஹீம் நானா நாப்பத்தெட்டரை, சாக்கு ஒன்னுன்னு மட்டும் எழுதச் சொன்னார்.

உன்னை நினைச்சா தலை நிமிர்ந்து நடக்கிற,
உம்மா
றுஸைனா மர்சூக்